காட்டுக்குக் கட்டும் மூட்டை

கலியாணத்துக்குப் புறப்படுவோர் உடையைப் பற்றியும், திருவிழாவுக்குப் புறப்படுவோர் தேரைப் பற்றியும் முதலில் நினைப்பது இயல்பு. காட்டுக்குப் புறப்படுவோர் தம் காலைப் பற்றியே முதலில் நினைத்தல் வேண்டும். இச்சிறு பாடத்தை யான் கற்ற இடம் சிங்கராஜ வனம். ஆயின், அதற்கு விலை கொடுத்தவர் யானல்லேன், வேறொருவர்.

இரத்தினபுரி, காலி, மாத்தறை ஆகிய மூன்று மாவட்டங்களிலும் பரந்துள்ள இவ்வனம் 1988 ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. யாழ்ப்பாணத்தில் ஓராண்டில் பெய்யும் மழை ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர். இங்கோ 3,000 மில்லிமீற்றருக்கும் மேல். கலவானைப் பக்கமாகக் குடாவ என்னும் சிற்றூரிலுள்ள வாயிலில் அனுமதிச் சீட்டுப் பெற்றதும், வழிகாட்டி ஒருவர் நம்முடன் சேர்ந்துகொள்வார். அவ்வழிகாட்டிகளுட் பலர் அயற் கிராமங்களிற் பிறந்து வளர்ந்தவர்கள்.

2017 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் நாங்கள் ஐவர் யாழ்ப்பாணத்திலிருந்து அங்கு சென்றோம். ஒன்பதாம் வகுப்பிற் படித்துக்கொண்டிருந்த என் தங்கையின் மகள், “மாமா, சப்பாத்துப் போடட்டுமா?” என்று கேட்டாள். “நல்ல பாதைதானே, செருப்புப் போதும்” என்று யானே சொன்னேன். இரண்டு கிலோமீற்றர் நடப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சேற்றில் இழுபட்டு அவளது செருப்பின் வார் அறுந்தது. வழிகாட்டி ஒரு சொல்லும் சொல்லாது தம் இறப்பர்ச் செருப்புகளைக் கழற்றி அவள் முன் வைத்தார். “எனக்குப் பழக்கம், மாத்தயா” என்று சிங்களத்திற் கூறிவிட்டு வெறுங்காலுடன் முன்னே நடந்தார். நாங்கள் வாயிலுக்குத் திரும்பியபோது அவருடைய இரு கால்களிலும் குருதி கோடு கோடாக வழிந்துகொண்டிருந்தது. அட்டை கடித்தபோதெல்லாம் அழாத பிள்ளை, அக்காட்சியைக் கண்டு அழுதாள். யான் தலைகுனிந்து நின்றேன்.

நாம் கட்டத் தவறிய மூட்டையை நம்முடன் வரும் ஒருவர் சுமக்க நேரும். ஆதலின், மழைக்காட்டுக்கு ஒரு நாட்பயணம் செல்ல விழையும் குடும்பத்தவருக்கும் மாணவருக்கும் சில சொல்லத் துணிகின்றேன்.

முதலாவது, கால். அடியிற் பள்ளங்கள் வெட்டிய, விரல்களை மூடும் சப்பாத்து வேண்டும்; புதியதன்று, பழகியது. அதனினும் இன்றியமையாதது அட்டைக் காலுறை. நெருங்கிய நெசவுடைய பருத்தித் துணியால் முழங்கால் வரை தைத்த உறை இது. காற்சட்டையின் அடியை இதனுட் செலுத்தி, மேலே நாடாவால் இறுகக் கட்டி, பின்னர் சப்பாத்து அணிதல் வேண்டும். வீட்டிலே தைத்துக்கொள்வதும் கடினமன்று. உறையின் மேல் ஈரச் சவர்க்காரம் பூசினால் அட்டை எளிதில் அண்டாது. அட்டை கடித்துவிட்டாலும் அஞ்சவேண்டியதில்லை. நகத்தை அதன் வாயோரம் செலுத்தி மெல்ல நீக்குக, பிடித்து இழுக்கலாகாது. இரத்தம் உறையாதிருக்கச் செய்யும் பொருளொன்றை அது கடிவாயிற் செலுத்துவதால் சிறிது நேரம் கசியும். கழுவித் துணியால் அழுத்திப் பிடித்தாற் போதும்.

இரண்டாவது, உடை. தடித்த ஜீன்ஸ் நனைந்தாற் கனக்கும், எளிதில் உலராது. மெல்லிய நீளக் காற்சட்டையும் முழுக்கைச் சட்டையும் நன்று. பச்சை, மண்ணிறம் போன்ற அடங்கிய நிறங்களை உடுத்தால் பறவைகள் வெருளமாட்டா. குடையைவிட மழைச்சட்டை மேல். வழுக்கும் பாதையில் இரு கைகளும் விடுபட்டிருத்தல் வேண்டும். மாற்றுடையும் துவாயும் வாகனத்திலேயே இருக்கட்டும்.

மூன்றாவது, தோட்பை. ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர், மூடியுள்ள பெட்டியில் எளிய உணவு, வாழைப்பழம், காயத்துக்குக் கட்டும் துணி, அவரவர் வழக்கமாக உட்கொள்ளும் மருந்து, கைத்தொலைபேசி நனையாதிருக்க ஓர் உறை, குப்பையைத் திருப்பிக் கொணர ஒரு பை, இவை போதும். வாசனைத் தைலமும் பாட்டுப் பெட்டியும் வீட்டிலேயே இருக்கட்டும். வழிகாட்டிக்கும் சேர்த்து உணவு எடுத்துச் செல்லுதல் நம் பண்பாட்டுக்கு அழகு.

2019 ஆம் ஆண்டு பெப்ரவரியில், மழை குறைந்த பருவத்தில், நாங்கள் மீண்டும் அங்கு சென்றோம். முன்வந்த வழிகாட்டியே அன்றும் வாய்த்தார். எங்கள் கால்களைப் பார்த்துச் சிரித்தார். காலைப் பற்றிய கவலையின்றி நடந்தமையால் அன்றுதான் எங்கள் கண்கள் காட்டைக் கண்டன. நம் நாட்டுக்கே உரிய, செந்நிற அலகும் நீல உடலும் நீண்ட வாலும் கொண்ட காக்கையினப் பறவை ஒன்று கிளைக்குக் கிளை தாவியதை நெடுநேரம் நின்று பார்த்தோம்.

திரும்பி வந்தபின் மருமகளின் பையைத் திறந்தேன். அதனுள்ளே ஒரு சோடி அட்டைக் காலுறையும் ஒரு சோடி இறப்பர்ச் செருப்பும் புத்தம் புதியனவாக இருந்தன. “இவை எதற்கு, பிள்ளை?” என்று வினவினேன்.

“யாராவது செருப்போடு வந்தால் கொடுக்கத்தான், மாமா” என்றாள்.