வான்கோழிக்கு எந்தத் துவக்கு?

வன்னிக் காட்டில் வான்கோழி கிடையாது. அது வட அமெரிக்காவின் பறவை. ஐரோப்பியர் கப்பல்களில் ஏறித்தான் இந்தப் பக்கம் வந்தது. மூதுரையில் வான்கோழி வருகிறதே என்று கேட்பவர்களுக்கு, அது வேறு ஏதோவொரு பறவையாகத்தான் இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லி, மிகுதியைப் புலவர்களிடம் விட்டுவிடுகிறேன். நம்மிடம் இருந்தது காட்டுக்கோழி. ஆயினும், ஒன்ராறியோவில் வாழும் என் பள்ளித்தோழன் ஒருவன் மாசி மாதத்து இரவொன்றில் தொலைபேசியில் அழைத்துக் கேட்டது வான்கோழியைப் பற்றித்தான்.

“மச்சான், வான்கோழி அடிக்க என்ன துவக்கு வாங்கலாம்? உன்ர ஐயா பெரிய வேட்டைக்காரன் எல்லே.”

ஒட்டுசுட்டானில் என்னோடு படித்தவன். பனி நாட்டில் முப்பது ஆண்டுகள் லொறி ஓட்டியபின், வேட்டைப் பயிற்சி முடித்து, அனுமதிப்பத்திரமும் பெற்றுவிட்டான். அந்த மாகாணத்தில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு காட்டு வான்கோழி அற்றுப்போயிற்று. 1984-இல் அமெரிக்க மாநிலங்களிலிருந்து பறவைகளைக் கொண்டுவந்து மீண்டும் விட்டார்கள். அவை பெருகின, 1987-இல் வேட்டையும் தொடங்கிற்று. அழிந்த ஓர் உயிரை மீட்டெடுத்து, அதன்பின் அளவோடு சுடவும் அனுமதிக்கும் நாடு அது.

என் ஐயாவிடம் இருந்தது ஆங்கிலேயர் செய்த பன்னிரண்டாம் நம்பர் இரட்டைக்குழல் துவக்கு. குழலின் வாய்க்குச் சரியாகப் பொருந்தும் ஈயக்குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு இறாத்தல். அதனால்தான் அந்தப் பெயர். குழலின் உள்விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர். இரண்டு குழல்களும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் குணத்தில் வேறானவை. வலது குழல் நுனிவரை ஏறக்குறைய ஒரே அகலம். இடது குழலோ நுனியில் ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு ஒடுங்கும். இந்த ஒடுக்கத்தைத்தான் ‘சோக்’ என்கிறார்கள். தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் நெருக்கினால் நீர் தூரம் பாய்வதை உவமையாகச் சொல்வார்கள். அது பாதிதான் சரி. சன்னத்தின் வேகம் இதனால் கூடிவிடுவதில்லை. சன்னங்கள் விரியத் தொடங்கும் நேரம்தான் சற்றே தள்ளிப்போகிறது.

கணக்கு இப்படி: 40 யார் தூரத்தில் 30 அங்குல வட்டம் ஒன்றை வரைந்தால், முழுச் சோக்குள்ள குழல் தன் சன்னங்களில் 70 வீதத்தை அதற்குள் போடவேண்டும். அரைச் சோக் 60 வீதம். சோக் இல்லாத குழல் 40 வீதம். இவை புத்தகக் கணக்குகள். தன் துவக்கின் கணக்கு என்னவென்று ஒவ்வொருவனும் கடதாசியில் சுட்டுத்தான் அறியவேண்டும். ஐயா நான்கு ‘வீரகேசரி’த் தாள்களைக் கோதுமை மாப் பசையால் ஒட்டி, சாக்கில் தைத்து, பாலை மரத்தில் தொங்கவிடுவார். தோட்டா அருமையான பொருள். ஆண்டுக்கு ஒன்றைத்தான் இதற்குச் செலவழிப்பார். ஓட்டைகளை எண்ணிக் கரித்துண்டால் குறிப்பது என் வேலை. பத்திரிகையொன்றை வரிவரியாகக் கூர்ந்து பார்க்க நான் பழகியது அந்த மரத்தடியில்தான். பிற்காலத்தில் ஒப்புநோக்குவோனாக வேலைக்குச் சேர்ந்தபோது அது உதவியது.

தோட்டாக்கள் ‘ஈலி’ கம்பனியுடையவை. கடதாசிக் குழாயும் பித்தளை அடியும். மாரியில் ஈரம் குடித்து ஊதிவிடும். பிறகு குழலுக்குள் போகாது. அதனால் பிஸ்கற் பேணியில் இறுக்கி மூடிப் புகட்டில் வைத்திருப்பார். அதற்குள் இரண்டே வகை: காட்டுக்கோழிக்கு நாலாம் நம்பர், பன்றிக்கு எஸ்.ஜி. ஆங்கிலேயக் கணக்கில் நாலாம் நம்பர்ச் சன்னம் ஓர் அவுன்சுக்கு 170, எஸ்.ஜி. வெறும் 8. புதிதாக வேட்டைக்கு வருபவன் பெரிய சன்னத்தை ஒடுங்கிய குழலில் போட்டால் தூரத்துப் பன்றியும் விழும் என்று எண்ணுவான். ஐயா நேர்மாறாகச் செய்வார். எஸ்.ஜி. எப்போதும் வலது குழலில். பெரிய சன்னங்கள் ஒடுங்கிய வாயில் ஒன்றையொன்று நசுக்கி, உருக்குலைந்து, கண்டபடி போகும் என்பது அவர் கருத்து. ஒன்பது சன்னங்களில் நான்கு வழிதவறினால் எஞ்சியவற்றில் என்ன இருக்கிறது? இருபத்தைந்து யாருக்கு அப்பால் பன்றிமேல் அவர் சுட்டதை நான் காணவில்லை. காயத்தோடு ஓடும் பன்றியை விடியற்காலையில் தேடிப் போகவேண்டியவர் அவர்தானே.

ஆனபடியால் தோழனுக்கு நான் முதலில் சொன்னது நம்பரைப் பற்றி. அமெரிக்கக் கணக்கும் ஆங்கிலேயக் கணக்கும் ஒன்றல்ல. ஐயாவின் நாலாம் நம்பர் ஏறத்தாழ 3.1 மில்லிமீற்றர், அது அமெரிக்கப் பெட்டியில் 5 என்ற பெயரில் இருக்கும். வான்கோழிக்கு அங்குள்ளவர்கள் எடுப்பது 4, 5, 6. பறவையின் உடலுக்குச் சுடுவதில்லை. இறகும் நெஞ்சுத் தசையும் ஈயத்தைத் தாங்கிவிடும். இலக்கு தலையும் கழுத்தும். கைப்பிடி அகலமுள்ள அந்த இலக்குக்கு அடர்ந்த சன்னக்கூட்டம் வேண்டும். ஆகவே முழுச் சோக் அல்லது அதனினும் ஒடுங்கியது. 40 யாரில் 10 அங்குல வட்டத்துக்குள் நூறு சன்னங்கள் என்பது அவர்களுடைய வாய்பாடு. ஈயத்தைவிட ஒன்றரை மடங்கு அடர்த்தியான ரங்ஸ்ரன் சன்னங்களும் இப்போது வந்துள்ளன. மிகச் சிறியவையாக இருந்தும் ஆழமாக ஊடுருவும். விலையைக் கேட்டால் மயக்கம் வரும்.

துவக்கைப் பொறுத்தவரை பன்னிரண்டாம் நம்பர், மூன்று அங்குலத் தோட்டா ஏற்கும் பம்ப் வகையே போதும் என்றேன். 1950-இல் வந்த ரெமிங்டன் 870 போன்ற ஒன்று, பழையதாயினும் பரவாயில்லை. மூன்றரை அங்குலத் தோட்டா தோளை உடைக்கும். அந்தப் பயத்தில் கண்ணை மூடுபவனுக்குச் சோக் எதுவாயிருந்தால் என்ன? அகன்ற சோக்கைக் கழற்றினால் குழல் 20 மில்லிமீற்றரைத் தொட்டுத் தடைக்குள் வந்துவிடுமோ என்று 2020-இல் கனடாவில் ஒரு சர்ச்சை எழுந்தது. பன்னிரண்டாம் நம்பர் அதற்குள் அடங்காது என்று அரசு விளக்கம் கொடுத்தது. ஒரு மில்லிமீற்றருக்காக அரசும் குடிமகனும் இப்படி வாதாடிக்கொள்வதை வாசித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது.

எங்கள் துவக்கு போனது 1985-இல். 1916-ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி கச்சேரியில் ஆண்டுதோறும் புதுப்பித்த அனுமதிப்பத்திரத்தோடு வைத்திருந்த துவக்கு அது. ஓர் இயக்கத்துப் பொடியன்கள் இரவில் வந்து, மரியாதையாகவே கேட்டு வாங்கிப்போனார்கள். பேணியையும் கேட்டார்கள். ஐயா கொடுத்தார், வலது குழலில் எஸ்.ஜி. போடவேண்டும் என்று சொல்லியும் விட்டார். அவர்கள் அதைப் பன்றிக்குக் கொண்டுபோகவில்லை என்பது அவருக்குத் தெரியாததல்ல.

2009-க்குப் பின், கண்ணிவெடி அகற்றப்பட்ட அதே வயலில் இன்று என் தம்பி காலபோகம் செய்கிறான். பன்றி, குரங்கு, யானை, எல்லாவற்றையும்விட மயில். காட்டுக்கோழியையும் மயிலையும் சுடுவது குற்றம். அதில் எனக்கு மறுப்பில்லை. பயிருக்குச் சேதம் செய்யும் விலங்குகளை 2025 மார்ச் 15 காலை எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் நாடு முழுவதும் எண்ணினார்கள். தம்பியும் வரம்பில் நின்று எண்ணினான். ஆனால் பன்றிக்கென்று முறையாகத் துவக்கு ஒன்றுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கிறான், பதில் இல்லை. அவனிடம் இருப்பது யானை வெடி மட்டும். பொறுமையிழந்த வேறு சிலர் கட்டுத்துவக்கு வைக்கிறார்கள். பன்றியின் உயரத்துக்குக் கட்டப்படுவது மனிதனின் முழங்காலுக்குச் சரியாக வரும். விறகுக்குப் போன பெண் ஒருத்தி எங்கள் ஊரில் அப்படிக் காலை இழந்தாள். தூரம் பார்க்கவும் சன்னம் தெரியவும் சுடாமல் விடவும் ஐயாவைப்போல ஓர் ஆள் அந்தத் துவக்கின் பின்னால் இல்லை.

தோழனுக்குக் கடைசியாகச் சொன்னது உடுப்பைப் பற்றி. ஆண் வான்கோழியின் தலை சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக மாறும். அந்நிறங்களில் சால்வையோ காலுறையோ அணிந்தவனைப் பற்றைக்கு அப்பாலிருந்து பறவையென்று சுட்டுவிடுவார்கள். அப்படி விபத்துகள் நடந்திருக்கின்றன. பேட்டின் குரலில் கூவும் வேட்டைக்காரனை நோக்கி இன்னொரு வேட்டைக்காரன் தவழ்ந்து வருவதும் உண்டு. முதுகை அகன்ற மரத்தில் சாய்த்து உட்கார், அசைவு தெரிந்தால் கையை ஆட்டாதே, வாய்விட்டுப் பேசு என்றேன்.

“தெரியும், மச்சான்” என்றான். அவனுடைய தகப்பனாரின் தோளில், பற்றைக்குள் சரசரப்பைப் பார்த்துப் பக்கத்து வயற்காரன் சுட்ட எஸ்.ஜி. சன்னமொன்று அவர் இறக்கும்வரை இருந்தது. சிறுவயதில் நாங்கள் இருவரும் அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறோம், தோலுக்கடியில் உருளும்.