எண்ணும் புள்ளடியும்

தேர்தல் என்பது ஆட்சியாளரைத் தெரிவு செய்யும் ஒரு நாட் செயல் மட்டுமன்று. ஒரு நாட்டு மக்கள் தமக்கு வேண்டியது யாது என்பதைத் தமக்குள்ளே பேசித் தெளியும் பருவமும் அதுவேயாகும். அப்பருவத்தில் அவர்கள் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது, இறுதியில் யார் வெல்கிறார் என்பதைப் போலவே கவனத்திற்குரியது. 2024 ஆகஸ்ட் 15 ஆம் திகதி வேட்புமனுக்கள் ஏற்கப்பட்ட நாள் முதல், செப்டெம்பர் 21 ஆம் திகதி சனாதிபதித் தேர்தல் நடைபெற்ற நாள் வரையிலான ஐந்து வாரங்களில், விடுதியிலும் பஸ்ஸிலும் ஊரிலும் நான் கேட்ட பேச்சுக்களை இப்பொழுது எண்ணிப் பார்க்கையில் அவற்றுள் ஒரு பொதுத்தன்மை புலப்படுகின்றது. “யார் வரவேண்டும்?” என்று தொடங்கிய பேச்சுக்களுள் பெரும்பாலானவை “யார் வருவார்?” என்பதிலேயே சென்று முடிந்தன. முதல் வினாவிலிருந்து இரண்டாவது வினாவுக்கு எம்மை இட்டுச் சென்றவை இரண்டு: ஒன்று கருத்துக்கணிப்பு, மற்றது விளம்பரம்.

எமது விடுதியின் பொது அறையில் இரவு உணவின் பின்னர் நாள்தோறும் விவாதம் நடைபெறும். கைத்தொலைபேசியில் வந்த கணிப்பு ஒன்றை ஒருவர் உரத்து வாசிப்பார். அதை எடுத்தவர் எவர், எத்தனை பேரை எவ்வாறு வினவினார் என்ற விவரம் பெரும்பாலும் இராது. மறுநாள் அதற்கு நேர்மாறான எண்களுடன் வேறொன்று வரும். தமக்கு உவப்பான எண்ணை வெளியிட்டவரை அறிஞர் என்பதும், உவப்பில்லாத எண்ணை வெளியிட்டவரைக் கூலி பெற்றவர் என்பதும் அங்கே வழக்கமாயிருந்தன. ஒருநாள் கலைப்பீட நண்பர் ஒருவர், “மச்சான், ஆயிரம் பேரைக் கேட்டுப்போட்டு ஒரு கோடியே எழுபது இலட்சம் பேரின்ரை மனசை எப்பிடிச் சொல்லலாம்?” என்று கேட்டார். புள்ளிவிபரவியல் பயிலும் நண்பர் சற்றும் தயங்காமல், “ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் எண்டு உன்ரை அம்மம்மா சொல்லேல்லையே?” என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆயினும் அவ்விடையினுள் கணிப்பின் வலிமையும் அதன் குறையும் ஒருங்கே அடங்கியிருந்தன.

ஒரு சோறு பதமாவது, பானையில் உள்ள சோறு முழுவதும் ஒரே நீரில் ஒரே சூட்டில் வெந்திருந்தால் மாத்திரமே. 1936 இல் அமெரிக்காவில் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்னும் சஞ்சிகை ஏறத்தாழ ஒரு கோடி அட்டைகளைத் தபாலில் அனுப்பி இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட விடைகளைப் பெற்றது. குடியரசுக் கட்சி வேட்பாளர் லண்டன் வெல்வார் என்பது அதன் முடிபு. வாக்குகள் எண்ணப்பட்டபோது 48 மாநிலங்களுள் 46 ஐ ரூஸ்வெல்ட் கைப்பற்றியிருந்தார். அச்சஞ்சிகை முகவரிகளைத் தொலைபேசி வைத்திருந்தோர், மோட்டார் வாகனம் வைத்திருந்தோர் ஆகியோரின் பட்டியல்களிலிருந்து பெரிதும் எடுத்திருந்தது. பொருளாதார வீழ்ச்சியில் வாடிய ஏழை வாக்காளரை அப்பட்டியல்கள் எட்டவில்லை. அத்தோடு, விடையனுப்பும் ஆர்வமுடையோர் மாத்திரமே விடையனுப்பினர். மிகச் சிறிய, ஆனால் கவனமாகத் தெரிந்தெடுத்த மாதிரியைக் கொண்டு ஜோர்ஜ் கலப் அதே தேர்தலில் வெற்றியாளரைச் சரியாகக் கூறினார். அதே கலப் 1948 இல் ஏனைய கணிப்பாளரோடு சேர்ந்து டூயி வெல்வார் என்று கூற, வென்றவர் ட்ரூமன். வாக்களிப்புக்குச் சில வாரங்களுக்கு முன்னரே வினவுவதை நிறுத்தியமை அப்பிழைக்கான காரணங்களுள் ஒன்றாகப் பின்னர் கண்டறியப்பட்டது. எனவே, எத்தனை பேர் என்பதிலும் எவர், எப்பொழுது என்பனவே முதன்மை பெறுகின்றன.

எமது தீவுக்கு இதனைப் பொருத்திப் பார்ப்போம். ஆயிரம் பேரை எழுந்தமானமாகத் தெரிந்து வினவினால், பெறப்படும் வீதம் உண்மையிலிருந்து மூன்று புள்ளிகள் வரை கூடவோ குறையவோ கூடும் என்பது பொதுவான கணக்கு. ஒருவருக்கு 36, மற்றவருக்கு 33 என்று கணிப்புக் கூறினால் முன்னிற்பவர் எவர் என்று அறுதியிட்டுச் சொல்ல இயலாது என்பதே அதன் பொருள். சுகாதாரக் கொள்கை நிறுவனம் தொடர்ச்சியாக வெளியிட்டு வந்த கணிப்பு வழு எல்லையையும் குறிப்பிட்டே வெளிவந்தது. ஆனால் அது விடுதிப் பொது அறையை வந்தடையும் போது வழு எல்லை எங்கோ வழியில் உதிர்ந்துவிடும். எண் மட்டுமே எஞ்சும்.

இன்னொன்றும் உண்டு. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நாட்டு மக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ ஐவரே வட மாகாணத்தவர். ஆகவே ஆயிரம் பேர் கொண்ட மாதிரியில் வடக்குக்குக் கிடைப்பன ஏறத்தாழ ஐம்பது குரல்கள். ஐம்பது பேரைக் கொண்டு கூறப்படும் வீதம் பதினான்கு புள்ளிகள் வரை பிசகலாம். தீவு முழுவதற்கும் பொருந்தும் கணிப்பு யாழ்ப்பாணத்துக்குப் பொருந்த வேண்டியதில்லை. தேர்தல் முடிவும் அவ்வாறே அமைந்தது. நாட்டில் முதலிடம் பெற்ற அநுர குமார திசாநாயக்க யாழ்ப்பாண மாவட்டத்தில் நான்காம் இடத்தில் இருந்தார்; அங்கு முதலிடம் சஜித் பிரேமதாசவுக்கும், இரண்டாம் இடம் தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்கும் கிடைத்தன. ஒரே அடுப்பில் இருந்தாலும் எமது நாடு ஒரே பானையன்று.

கணிப்பு அறிவோடு பேசுவது போலத் தோன்றும். விளம்பரமோ நெஞ்சோடு பேசும். வடமராட்சியில் எங்கள் ஊர் வாசிகசாலையின் மேசையில் அந்நாட்களில் பத்திரிகைகளை விரித்தால் செய்திக்கு முன்னர் முழுப்பக்க விளம்பரமே கண்ணிற் படும். ‘இயலும் ஸ்ரீலங்கா’ என்றது ஒரு பக்கம்; ‘வளமான நாடு – அழகான வாழ்க்கை’ என்றது இன்னொன்று. அவை சிங்களத்தில் சிந்திக்கப்பட்டுத் தமிழில் ஆக்கப்பட்டவை என்பதைச் சொற்களின் நடையே காட்டிக் கொடுத்தது. 2023 ஆம் ஆண்டின் தேர்தற் செலவின ஒழுங்குபடுத்தற் சட்டத்தின் கீழ் ஒரு வேட்பாளர் ஒரு வாக்காளருக்கு ஆகக்கூடியது 109 ரூபா செலவிடலாம் என்று தேர்தல் ஆணைக்குழு வரையறுத்திருந்தது. பதிவு செய்யப்பட்ட 1,71,40,354 வாக்காளருக்கும் அதனைப் பெருக்கினால் 186 கோடி ரூபாவுக்கு மேல் வரும். அதனை நான் வாசித்துக் காட்டியபோது, இளைப்பாறிய மாஸ்ரர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, “நூற்றொன்பது ரூபாயோ? ஒரு கிலோ அரிசிக்கும் காணாது. அதை என்ரை கையிலை தந்தால் உந்த விளம்பரம் ஒண்டையும் பாராமல் யோசிச்சுப் போடுவன்” என்றார்.

யோசித்துப் போடுவதை விளம்பரம் விரும்புவதில்லை என்பது அதன் வரலாற்றிலேயே உண்டு. 1952 இல் ஐசனோவர் தொலைக்காட்சியிற் குறுகிய விளம்பரங்களில் தோன்றிப் பொதுமக்களின் வினாக்களுக்கு விடையளித்தார். உண்மையில் அவருடைய விடைகளே முதலிற் பதிவு செய்யப்பட்டன. வினவும் பொதுமக்கள் பின்னர் வேறாகப் படம் பிடிக்கப்பட்டு இணைக்கப்பட்டனர். 1964 செப்டெம்பர் 7 இல் ஜோன்சனின் பிரசாரக் குழு வெளியிட்ட விளம்பரத்தில் ஒரு சிறுமி பூவின் இதழ்களைப் பிய்த்து எண்ணுகிறாள். பின்னர் அணுகுண்டு வெடிக்கின்றது. எதிர் வேட்பாளரின் பெயர் அதிற் கூறப்படவேயில்லை. பணம் கொடுத்து ஒரே ஒரு தடவை ஒளிபரப்பப்பட்ட அது, செய்திகளிலும் மக்களின் பேச்சிலும் நூறு தடவை வாழ்ந்தது. விளம்பரத்தைப் பற்றி நாம் நடத்தும் விவாதமும் விளம்பரத்தின் பகுதியாகிவிடுகிறது.

விளம்பரமே வெற்றியைத் தரும் என்று சொல்லிவிடவும் முடியாது. எமது நாட்டில் 2015 சனவரி 8 இல் நடைபெற்ற தேர்தலின்போது பதவியிலிருந்தவரின் பதாகைகளும் உருவப்படங்களும் வீதியெங்கும் நிறைந்திருந்தன. சோதிடரும் நல்ல நாள் குறித்துக் கொடுத்திருந்தார். வென்றவர் மைத்திரிபால சிறிசேன. மக்கள் முற்றாக ஏமாறுபவரல்லர். என்னைக் கவலைக்குள்ளாக்குவது அவர்கள் ஏமாறுவதன்று. தமக்குரிய ஒன்றை அவர்கள் தாமாகவே விட்டுக் கொடுப்பது.

வாக்களிப்புக்கு முதல் நாள் மாலை, கூட்டுறவுச் சங்கமொன்றில் நீண்டகாலம் பணியாற்றி ஓய்வு பெற்ற என் தந்தையார் திண்ணையில் இருந்தபடி, “எனக்குப் பிடிச்ச ஆள் வெல்லமாட்டார் தம்பி. அவருக்குப் போட்டு என்ரை வோட்டை ஏன் பழுதாக்குவான்?” என்றார். தமக்குப் பிடித்தவர் எவர் என்பதை அவர் கூறவில்லை, நானும் கேட்கவில்லை. அவருக்குப் பிடித்தவரை அவரிடமிருந்து பறித்தது எதிர்த்தரப்பினரின் வாதமன்று. யாரோ எங்கோ எடுத்த ஓர் எண். அவர் வெல்லமாட்டார் என்பதைக் கணிப்புச் சொன்னது. இவர் வென்றால் கேடு வரும் என்பதை விளம்பரம் சொன்னது. இரண்டுக்கும் நடுவே அவருடைய விருப்பத்துக்கு இடமில்லாது போயிற்று. “ஐயா, பிடிச்ச ஆளுக்கு 1 போடலாம். அவர் வெல்லாவிட்டால் ஆர் வரலாம் எண்டு நினைக்கிறியளோ அவருக்கு 2 போடலாம். 3 உம் இருக்கு” என்றேன். “நாற்பது வருஷமாய்ப் புள்ளடிதானே போட்டனாங்கள்” என்றார் அவர்.

அவர் கூறியது எம்மனைவருடைய பழக்கமுமாகும். 1978 ஆம் ஆண்டு யாப்பின் கீழ் அமைந்த சனாதிபதித் தேர்தலில், செல்லுபடியான வாக்குகளுள் அரைவாசிக்கு மேற்பட்டதைப் பெறுபவரே வெற்றி பெறலாம். எவரும் அதனைப் பெறாவிடின் முதலிருவர் தவிர்ந்த ஏனையோர் நீக்கப்படுவர். அவர்களுக்கு அளிக்கப்பட்ட வாக்குச்சீட்டுக்களில் இரண்டாம், மூன்றாம் விருப்பங்கள் நோக்கப்பட்டு, அவை எஞ்சிய இருவருள் ஒருவருக்குரியனவாயின் அவருடைய கணக்கிற் சேர்க்கப்படும். சட்டம் எம்மிடம் கேட்பது ஒரு புள்ளடியையன்று. வரிசைப்படுத்திய எமது விருப்பத்தை. ஆயின் 1982 ஒக்டோபர் 20 இல் நடைபெற்ற முதலாவது தேர்தல் தொடக்கம் 2019 வரை நடைபெற்ற எட்டுத் தேர்தல்களிலும் முதலாம் எண்ணிக்கையிலேயே முடிபு கிடைத்துவிட்டது. 1988 இல் 50.43 வீதம், 2005 இல் 50.29 வீதம் என மயிரிழையில் தப்பிய வேளைகளும் உள. பயன்படாத கருவி துருப்பிடிப்பது போல அவ்வுரிமை எமது நினைவிலிருந்து மங்கிற்று.

2024 இல், ஒன்பதாவது தேர்தலில், அது முதன்முறையாகத் தேவைப்பட்டது. முதலாம் எண்ணிக்கையில் திசாநாயக்க 56,34,915 வாக்குகளையும் (42.31 வீதம்) பிரேமதாச 43,63,035 வாக்குகளையும் (32.76 வீதம்) பெற்றனர். ஏனைய வேட்பாளர்களுக்கு அளிக்கப்பட்டவை 33 இலட்சத்துக்கும் அதிகம். அவற்றிலிருந்து விருப்பத்தெரிவின் வழியாக முன்னவருக்கு 1,05,264 உம் பின்னவருக்கு 1,67,867 உம் சேர்ந்தன. கூட்டினால் 2,73,131. அஃதாவது, எஞ்சிய 33 இலட்சத்தில் நூற்றுக்கு எட்டுச் சீட்டுக்கள் அளவிலேயே இறுதி இருவர் பற்றிய வினாவுக்கு விடையிருந்தது. முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுக்கள் அவ்விடத்தில் மௌனமாயின.

இம்மௌனம் முழுவதையும் அறியாமை என்று கொள்வது நேர்மையாகாது. முதலிருவருள் எவரையும் ஏற்காதவர் ஒரு பெயரோடு நிறுத்திக் கொண்டிருக்கலாம். நீக்கப்பட்ட வேறொருவருக்கே இரண்டாம் விருப்பத்தையும் சிலர் அளித்திருக்கலாம். சங்குச் சின்னத்துக்கு மாத்திரம் வாக்களித்து, அதனையே ஒரு செய்தியாக்க விரும்பியவரை வாசிகசாலையில் நான் நேரிற் கண்டேன். அஃது எண்ணித் துணிந்த முடிபு, மதிக்கத்தக்கது. ஆனால் “வீணாகப் போகும்” என்ற அச்சத்தினால் தமக்குப் பிடித்தவரைக் கைவிட்டவரும், வெல்பவரோடு நிற்கவேண்டும் என்ற ஆசையினால் தம் விருப்பத்தை மாற்றியவரும் எண்ணித் துணிந்தவரல்லர். வெல்லும் வாய்ப்புக் குறைந்தவரையும் அச்சமின்றி முதலில் எழுதலாம் என்பதற்காகவே இம்முறை அமைந்திருக்க, அச்சத்தையே எமது விவாதத்தின் அடிப்படையாக்கிக் கொண்டோம். தொகையிற் சிறுபான்மையினரான மக்களுக்கு இது மேலும் முக்கியமானது. அவர்களுடைய முதலாம் விருப்பம் அவர்களின் குரலாகலாம். இரண்டாம் விருப்பம் அவர்களின் பேரம் பேசும் வலிமையாகலாம். ஒன்றைச் செய்தால் மற்றதை இழக்க வேண்டும் என்று எச்சட்டமும் கூறவில்லை.

கணிப்பையும் விளம்பரத்தையும் தடை செய்ய வேண்டும் என்பது என் கருத்தன்று. ஒரு கணிப்பு வந்தால் எவர் எடுத்தது, எவரை வினவியது, வழு எல்லை யாது என்று கேட்கவும், ஒரு விளம்பரம் வந்தால் அதில் வினா முதலில் வந்ததா, விடை முதலில் வந்ததா என்று நோக்கவும் பழகினாற் போதும். இப்பழக்கத்தைப் பல்கலைக்கழகம் தன் சுவர்களுக்குள் வைத்துக்கொள்ளலாகாது. புள்ளிவிபரவியல் கற்ற மாணவர் விடுமுறையில் தத்தம் ஊர் வாசிகசாலையில் ஒரு மாலைப்பொழுது அமர்ந்து, வாக்குச்சீட்டில் 1, 2, 3 என்று எழுதுவதன் பொருளைப் பத்துப் பேருக்கு விளக்குவாராயின், அடுத்த தேர்தலில் மௌனமாகும் சீட்டுக்கள் சில குறையும். யார் வருவார் என்பதை வாக்கெண்ணும் அலுவலர் எப்படியும் மறுநாள் சொல்லிவிடுவர். யார் வரவேண்டும் என்பதை எம்மையன்றி வேறெவரும் சொல்ல இயலாது.