ஒரு தப்புக்கு ஒரு பேஸ்

2019 உலகக் கோப்பை ஃபைனல் ஞாபகம் இருக்கிறதா? லார்ட்ஸில் ஸ்டோக்ஸின் பேட்டில் பட்டு, ஃபீல்டர் எறிந்த பந்து பவுண்டரிக்கு ஓடியது. அம்பயர் ஆறு ரன் கொடுத்தார். ஐந்துதான் என்று பிறகு பெரிய சர்ச்சை. பந்தை எறிந்த கணத்தில் பேட்ஸ்மேன்கள் ஒருவரையொருவர் தாண்டியிருந்தார்களா என்பதுதான் விவகாரம்.

அமெரிக்கச் சிறுமிகள் ஆடும் சாஃப்ட்பாலிலும் அந்தக் கணம்தான் கணக்கு. ஓவர்த்ரோ மைதானத்தை விட்டே வெளியேறினால், எறிந்தபோது ஓடுகிறவள் எங்கே இருந்தாளோ, அங்கிருந்து இரண்டு பேஸ் இனாம். உள்ளேயே உருண்டால் இனாம் இல்லை. தைரியமிருந்தால் ஓடலாம், அவுட்டானால் அவள் பாடு.

எட்டு வயசுக் குட்டிகளுக்கு இது கொஞ்சம் கொடுமை. பேஸுக்குப் பேஸ் 60 அடி. அத்தனை தூரம் நேராக எறிய லேசில் கை வராது. ஒரு தப்பு எறி, அதைச் சரிசெய்ய இன்னொன்று. அதற்குள் சும்மா தட்டிவிட்டவள் நாலு பேஸும் சுற்றி வந்துவிடுவாள். எறிந்தவள்? அடுத்த முறை பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்பாள். அதனால்தான் பல குழந்தைகள் லீக்கில் 'ஓவர்த்ரோவுக்கு ஒரு பேஸ், அதோடு நில்' என்று உள்ளூர் விதி.

எங்கள் தெரு கிரிக்கெட்டில் அப்படி விதி கிடையாது. ஓவர்த்ரோ போட்ட பையனை இருட்டும்வரை திட்டித் தீர்ப்பார்கள். மறுநாள் அவன் ஆட வரமாட்டான்.

உங்கள் பிள்ளை கணக்கில் ஒரு கூட்டலைத் தப்பாகப் போட்டால், நீங்கள் எத்தனை பேஸ் ஓடுகிறீர்கள்?