திருவக்கரைக் கல்மரங்கள்

மரம் கல்லாகும் என்று கேட்டு நகைப்பவர் உளர். யாம் என்றும் நகைத்ததில்லை. எமக்கு அறிவு தோன்றிய நாள் தொட்டு எம் இல்லத்திலேயே அத்தகைய கல்லொன்று இருந்து வந்தது.

பாகூரில் தச்சுத் தொழில் செய்து வாழ்ந்த எம் பாட்டனார் அதனைத் தம் பட்டறையில் வைத்திருந்தார். பசை தடவி ஒட்டிய பலகைகளின்மேல் பாரமாக வைப்பதற்கு அஃது அவருக்கு உதவிற்று. ஒரு தேங்காயின் அளவினதாய அதனைக் கண்டவர் வெட்டி எறிந்த கட்டைத் துண்டென்றே எண்ணுவர். கையில் எடுத்தவுடன் கல்லென்று உணர்ந்து திடுக்கிடுவர். "இது நோவா காலத்து வெள்ளம் அடித்து வந்த மரம், கண்ணே" என்பார் பாட்டனார். தம் இளமையில் மரம் ஏற்றி வருவதற்காகத் திருவக்கரைப் பக்கம் வண்டி கட்டிச் சென்றபோது, வழியோரத்தில் கிடந்ததை எடுத்து வந்தாராம்.

சென்ற ஆண்டு அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். உளியும் இழைப்புளியும் வாளும் தொழிலறிந்த உறவினரிடம் சென்றன. தொழிலறியாத எமக்குக் கல் வந்தது. விடுதியில் எம் புத்தகங்களின்மேல் அது வீற்றிருந்தது.

அக்கல் பிறந்த இடத்தைக் காணவேண்டும் என்னும் அவா கிறிஸ்து பிறப்பு விடுமுறையில் நிறைவேறிற்று. கல்லைத் தோட்பையில் இட்டுக்கொண்டு, வகுப்புத் தோழர் இருவருடன் வில்லியனூரை அடைந்து, அங்கிருந்து வடமேற்கே பேருந்தில் சென்றோம். செஞ்சி மலைகளில் தோன்றி, வில்லியனூரைத் தழுவிக் கடலை நாடும் சங்கராபரணி ஆற்றின் கரையிலேயே திருவக்கரையும் அமைந்துள்ளது. ஞானசம்பந்தர் பாடல் பெற்ற சந்திரமௌலீசுவரர் கோயிலாலும் வக்கிரகாளியாலும் பெயர் பெற்ற ஊர் அது. கோயிலுக்கு வருவோர் பலர். கல்மரங்களைக் காண வருவோர் சிலர்.

உள்ளே நுழைந்ததும் எம் கண்முன் விரிந்தது செந்நிற மேட்டு நிலம். அண்மையில் பெய்து ஓய்ந்த மழை ஆங்காங்கே அதனை அரித்து வாய்க்கால்களாகக் கீறியிருந்தது. அச்செம்மண்ணிலே, புயலில் வீழ்ந்த தோப்பினைப் போல, அடிமரங்கள் கிடந்தன. பாதி புதைந்தன சில. முழுதும் வெளிப்பட்டன சில. வாளால் அறுத்தாற்போலக் குறுக்கே துண்டுபட்டு, ஒன்றன்பின் ஒன்றாக வரிசை குலையாது கிடந்தன வேறு சில. எம் பாட்டனார் அங்கிருந்தால், அறுத்தவன் எங்கே என்று கேட்டிருப்பார். அருகில் அமர்ந்து நோக்கினோம். வளையங்கள் தெரிந்தன, கிளை முளைத்த இடத்துக் கணுவும் தெரிந்தது. தொட்ட விரலோ தண்ணென்ற கல்லையே உணர்ந்தது.

இவற்றின் வரலாறு வியப்புக்குரியது. ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், பெருவெள்ளங்கள் வேறிடத்து மரங்களை அடித்து வந்து இங்கே மணலுள் புதைத்தன. வேரும் கிளையும் பட்டையும் இன்றி அடிமரங்களே கிடத்தல் அதற்குச் சான்று. காற்றுப் புகாத மணலுள் அவை விரைவில் மட்கவில்லை. நிலத்தடி நீரிற் கரைந்திருந்த சிலிக்கா என்னும் பொருள் மரத்தின் நுண்ணறைகளுள் புகுந்து, மரப்பொருள் நீங்க நீங்க அதன் இடத்தைப் பற்றிக்கொண்டது. மூடிய மணலும் இறுகிக் கடலூர் மணற்கல் எனப் பெயர் பெற்றது. அதிலுள்ள இரும்பே அதற்குச் செந்நிறம் தந்தது. ஆயினும் அம்மணற்கல் மெலியது. மழையும் காற்றும் அதனைச் சிறிது சிறிதாகக் கரைத்துச் செல்ல, கரையாத வன்மை உடைய கல்மரங்கள் வெளியே தலை காட்டின. புதைத்ததும் நீர், கல்லாக்கியதும் நீர், மீட்டுக் காட்டியதும் நீரே.

தொல்காப்பியர் மரபியலில், உள்ளே வயிரம் உடையவற்றை மரம் என்றும், புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும் பகுத்தார். வகுப்பில் அதனைப் படித்தபோது நெட்டுருச் செய்ததன்றி வேறொன்றும் செய்திலோம். அகம் புறம் எல்லாம் வயிரமாய்ப் போன இம்மரங்களின் முன்னேதான் அதன் பொருள் எமக்கு விளங்கிற்று. புளி, மருது முதலியவற்றின் குடும்பங்களைச் சேர்ந்த மரங்களும் இவற்றுள் உள்ளனவாம். நம் ஊர்ச் சாலைகளில் நிழல் தரும் மரங்களின் மூதாதையர் போலும்!

2 கோடி ஆண்டு என்னும் எண் எம்மைச் சிறிது கலங்கச் செய்தது. பாட்டனார் சொன்ன வெள்ளம் மெய்யே. ஆனால் அது நோவாவின் வெள்ளம் அன்று. மாந்தர் எவரும் தோன்றாத காலத்து வெள்ளம். அவர் சொற் பொய்த்ததோ என்று முதலில் வருந்தினோம். பின்னர், ஏடு கல்லாத ஒரு தச்சர் மரத்தின் வடிவைக் கண்டே இதனைக் கொணர்ந்தது வெள்ளம் என்று கூறியதை எண்ணி மகிழ்ந்தோம். ஒரு மரத்துண்டைக் கல்லாக்க இத்துணைக் காலம் காத்திருக்கும் சிருஷ்டிகர்த்தரின் பொறுமையை எம் நாட்காட்டி கொண்டு அளத்தல் கூடுமோ?

மீளும்போது அறிவிப்புப் பலகையைக் கண்ணுற்றோம். பிரெஞ்சு இயற்கை நூலாராகிய சொன்னெரா 1781 ஆம் ஆண்டிலேயே இம்மரங்களைக் குறித்துள்ளார். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை 1940 ஆம் ஆண்டு இவ்விடத்தைக் காப்பிடமாக்கிற்று. இங்குள்ள கற்களை எடுத்துச் செல்லுதல் குற்றம். எம் தோளிலிருந்த பை அப்பொழுது கனத்தது.

"இஃது அறியாமல் எடுத்தது, அதுவும் வேலிக்கு வெளியே" என்றார் ஒரு தோழர். "உன் பாட்டனாரின் நினைவாக உன்னிடம் இருப்பது இது ஒன்றே அன்றோ?" என்றார் மற்றவர். இரண்டும் உண்மை. அக்கல்லின் ஒரு பக்கம் பாட்டனாரின் கை பட்டுப் பட்டு வழவழப்பாகியிருந்தது. அவ்விடத்தை எம் விரலால் தடவிக்கொண்டு நெடுநேரம் நின்றோம். அப்பொழுது அவருடைய வழக்கம் ஒன்று நினைவுக்கு வந்தது. வேலை முடிந்ததும், எஞ்சிய பலகைத் துண்டுகளைக் கட்டி, வேலை கொடுத்தவர் வீட்டிலேயே ஒப்புவித்து வருவார். "அடுப்பெரிக்க ஆகுமே" என்று பாட்டியார் கேட்டால், "மரம் அவருடையது; கூலி மட்டுமே நம்முடையது" என்பார். அறிந்திருந்தால் இக்கல்லையும் அவர் வைத்திருக்கமாட்டார்.

வாயிற் காவலரிடம் அதனை நீட்டி நிகழ்ந்ததைக் கூறினோம். அம்முதியவர் கல்லைப் புரட்டிப் பார்த்து, "எடுத்துப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தம்பி, கொண்டு வந்து கொடுப்பவரை இன்றுதான் பார்க்கிறேன்" என்றார். பின்பு எம்மையே அழைத்துச் சென்று, அடிமரம் ஒன்றின் அருகே சிதறிக் கிடந்த துண்டுகளினிடையே வைக்கச் சொன்னார். அது கிடந்த உண்மையான இடத்தை அறிந்தவர் பாட்டனார் ஒருவரே. அவரும் இன்று இல்லை. வைத்துவிட்டுப் பத்தடி நடந்து திரும்பிப் பார்த்தோம். எது எம் கல் என்று அறியக் கூடவில்லை.

விடுதியில் எம் புத்தகங்களின்மேல் இப்பொழுது பாரம் ஒன்றும் இல்லை. காற்று வீசினால் தாள்கள் பறக்கின்றன. ஆயினும் தச்சர் ஒருவரின் எஞ்சிய கணக்கு ஒன்றை அவர் பேரர் தீர்த்தார் என்னும் அமைதி எமக்கு உண்டு.

நண்பர்களே, நீங்களும் ஒருமுறை திருவக்கரைக்குச் சென்று வாருங்கள். கண் நிறையக் கண்டு, கை வெறிதாக மீளுங்கள்.