கிழிந்த திரை

பெரிய வெள்ளிக்கிழமையன்று கத்தோலிக்கக் கோயில்களில் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்படுவதில்லை. ஆண்டு முழுவதும் எந்தப் பலியின் நினைவாகப் பூசை நடைபெறுகின்றதோ, அந்தப் பலி நிகழ்ந்த நாளில் மட்டும் பீடம் வெறுமையாகக் கிடக்கின்றது. அன்றைய இரண்டாம் வாசகம் எபிரேயருக்கு எழுதப்பட்ட நிருபத்திலிருந்து எடுக்கப்படுவது. நமது பலவீனத்தை அறியாதவரல்லர் நமது தலைமைக் குரு. நம்மைப் போலவே சோதிக்கப்பட்டவர். ஆகவே அஞ்சாமல் இறைவனின் அரியணையை அணுகலாம் என்பது அதன் சாரம். மன்னார்க் கரையின் மீனவர் ஊர்களில் இவ்வாசகத்தைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வந்திருக்கின்றேன். வேதாகமத்தில் இதனினும் புரட்சிகரமான பகுதி அதிகமில்லை என்பது என் துணிபு.

யெருசலேம் தேவாலயத்தின் ஒழுங்கைச் சிறிது நினைத்துப் பாருங்கள். பொதுமக்களுக்கு ஒரு முற்றம், குருக்களுக்கு அதற்கும் உள்ளே ஓரிடம், எல்லாவற்றுக்கும் உள்ளே திரையிட்ட மகா பரிசுத்த ஸ்தலம். அத்திரைக்குப் பின்னால் ஆண்டுக்கு ஒருநாள், ஒரே ஒரு மனிதன், மிருக இரத்தத்தை ஏந்திக்கொண்டு நுழைவான். அவனும் ஆரோனின் வழியில் பிறந்தவனாக இருத்தல் வேண்டும். நிருபத்தை எழுதியவர் (அவர் யாரென்பதில் அறிஞர்களிடையே இன்றும் உடன்பாடில்லை) இந்த ஒழுங்கின் அடித்தளத்திலேயே கைவைக்கின்றார். இயேசு குருகுலத்தில் பிறந்தவரல்லர், யூதா கோத்திரத்தவர். அக்கோத்திரத்தில் எவனும் பீடத்தில் ஊழியம் செய்ததில்லை. அவர் பலியானதும் தேவாலயத்தினுள்ளே அன்று, நகர வாயிலுக்கு வெளியே. பிறருடைய இரத்தத்தை அவர் கொண்டுபோகவில்லை. கொடுப்பவரும் கொடுக்கப்படுவதும் ஒருவரே. அதுவும் ஒரே தரம். அந்நேரத்தில் தேவாலயத் திரை மேலிருந்து கீழாகக் கிழிந்தது என்று சுவிசேஷங்கள் கூறுகின்றன. பிறப்பினால் வரும் குருத்துவம், இடத்தினால் வரும் புனிதம் ஆகிய இரண்டும் ஒருங்கே முடிந்தன அல்லவா?

ஆனால் நான் சிறுவனாக இருந்தபோது பீடத்துக்கும் சனங்களுக்கும் இடையில் மரக்கிராதி ஒன்று இருந்தது. சுவாமியார் எங்களுக்கு முதுகு காட்டி இலத்தீனில் பூசை செய்வார். ஆச்சி செபமாலையை உருட்டிக்கொண்டிருப்பார். மணி ஒலிக்கும்போது மட்டும் நிமிர்ந்து பார்ப்பார். “அங்கால போகப்படாது மோனை, அது சுவாமிமார் நிக்கிற இடம்” என்று அவர் சொன்னது நினைவிருக்கின்றது. அவர் குறையொன்றும் உணர்ந்தவராகத் தெரியவில்லை. கிராதியில் முழந்தாளிட்டு நற்கருணை வாங்கித் திரும்பும்போது அவர் முகத்திலிருந்த அமைதியை நான் ஏளனம் செய்யமாட்டேன்.

ஐரோப்பாவில் இந்நிருபத்தை வைத்துக்கொண்டே இரு தரப்பார் மோதினர். பூசை மெய்யான பலியே, சிலுவைப் பலியே அதில் இரத்தம் சிந்தாத முறையில் மீண்டும் முன்னிலைப்படுத்தப்படுகின்றது என்று 1562இல் திரெந்துச் சங்கம் அறுதியிட்டது. ஒரே தரம் நிகழ்ந்த பலிக்கு மேல் இன்னொரு பலி ஏது என்று வினவிய சீர்திருத்தத் திருச்சபையார், மறு ஆண்டே வெளிவந்த ஹைடெல்பெர்க் ஞானோபதேசத்தில் பூசையைச் சபிக்கப்பட்ட விக்கிரகாராதனை என்றனர். இவ்வழக்குக்கான கூலியைக் கொடுத்தவர்களுள் மன்னார்ச் சனங்களும் அடங்குவர்.

அதற்கும் முன்னரே அவர்கள் ஒரு விலை கொடுத்திருந்தனர். 1544இல் மன்னாரிலிருந்து அழைப்பு வந்தபோது தாமே வர இயலாத சவேரியார் வேறொரு குருவை அனுப்பினார். ஞானஸ்நானம் பெற்றவர்களுள் சுமார் 600 பேரை யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலி கொல்வித்தான். மதத்தின் பின்னால் போர்த்துக்கேயரின் கப்பல் வருமென்று அவன் அஞ்சினான். அவ்வச்சம் பொய்யுமன்று; 1560இல் அவர்கள் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை கட்டினர். அரசனுடைய கணக்குக்கும் அந்நியனுடைய கணக்குக்கும் இடையில் நசுங்கியவர்கள் கடலோரத்து ஏழைகள். இன்று தோட்டவெளியில் அவர்களை வேதசாட்சிகளாக வணங்குகின்றோம்.

1658இல் ஒல்லாந்தர் வந்தனர். இறைவனை அணுக இடையில் குரு வேண்டியதில்லை என்பது அவர்களுடைய மறை. கேட்க இனிமையான போதனைதான். ஆயின் அதனை அவர்கள் பரப்பிய முறை யாது? கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரணதண்டனை என்று பிரகடனம் செய்தனர். கோயில்களைக் கைப்பற்றினர். ஞானஸ்நானமும் விவாகமும் அவர்களுடைய பாடசாலைத் தோம்பில் பதியப்படாவிட்டால் வாரிசுரிமைக்கே இடர் வந்தது. கடவுளிடம் செல்லும் வழியில் சுங்கமில்லை என்று சொன்னவர்கள், அவ்வழியின் வாயிலில் கும்பனியாரின் சுங்கச்சாவடியை நாட்டினார்கள்.

யோசே வாஸ் முனிவர் யாழ்ப்பாணத்தை அடைந்தது 1687இல். இடைப்பட்ட 29 ஆண்டுகள் இந்நாட்டுக் கத்தோலிக்கர் ஏறக்குறையக் குருவற்றவர்களாகவே வாழ்ந்தனர். 1670 அளவில் மாந்தையிலிருந்து இருபது குடும்பத்தினர் மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் புகுந்தனர் என்பது மடுவின் வரலாறு. சுவாமியாரும் பூசையும் இல்லாத அந்த வனாந்தரத்தில் அவர்களுடைய மன்றாட்டு இறைவனை எட்டவில்லை என்று கூற எந்த வேதசாத்திரியாவது துணிவாரா? எனினும் இதே மக்கள்தாம் ஒரு குருவுக்காக ஏங்கினர். இதனை என் கட்சிக்கு ஒவ்வாததென்று மறைக்க நான் விரும்பவில்லை. அப்பத்தைக் கையில் எடுத்துப் பிட்டுக் கொடுக்க ஒருவர் வேண்டுமென்ற பசி அது. வந்தவரோ கோவையில் கொங்கணிப் பிராமண குலத்தில் பிறந்தவர். கூலியாள் வேடத்தில், கழுத்தில் செபமாலையோடு, வாசல்தோறும் இரந்து நின்று தம் மக்களைத் தேடினார். 2015 சனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்துவிட்டு அன்றே மடுவுக்கும் வந்தார்.

கடலுக்கு அப்பால், திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில், கிழிந்த திரைக்குப் பதிலாகக் கல்லிலேயே ஒரு மதில் எழுந்தது. ஒரே பீடத்தை நோக்கி இரண்டு நடைகள். மேற்சாதியார் ஒருபுறம், நாடார் மறுபுறம், நடுவில் சுவர். 1910இல் அது இடிக்கப்பட்டது. இடித்தது தவறென்று மேற்சாதியார் வழக்காடித் தோற்றனர். பிறப்பினால் வரும் உரிமையை ஒழிக்க எழுதப்பட்ட நிருபத்தை அந்த இரு நடைகளிலும் வாசித்திருப்பார்களே என்று எண்ணும்போது சிரிப்பும் வருகின்றது, சினமும் வருகின்றது. நம் கரையிலுள்ளவர்கள் நெஞ்சில் கைவைத்துச் சொல்லட்டும்: கல்லால் கட்டவில்லை என்பதைத் தவிர நாம் பெருமைப்பட எவ்வளவு இருக்கின்றது?

1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், திருமுழுக்குப் பெற்ற அனைவருக்கும் பொதுக் குருத்துவம் உண்டென்பதை உரத்துச் சொன்னது. பின்னர் கிராதிகள் பல அகன்றன. சுவாமியார் சனங்களை நோக்கித் திரும்பினார். தமிழில் பூசை கேட்டோம். ஆச்சி அதனைக் காணவில்லை.

குருவானவர் சனங்களை நோக்கித் திரும்புவதன் முழுப்பொருளை நாங்கள் கற்றது வேறுவகையில். 1985 சனவரி 6ஆம் நாள், மூவிராசாக்கள் திருநாள். அன்று வங்காலைக் கோயில் வளவில் மேரி பஸ்தியன் அடிகளார் கொல்லப்பட்டார். இராணுவத்தினரே சுட்டனர் என்று ஊரவரும் திருச்சபையும் கூறினர், அரசு மறுத்தது. உடல் கிடைக்கவில்லை. கையில் ஏந்தியதைக் கொடுப்பவராக இருந்தவர், கொடுக்கப்பட்டவராகவும் ஆனார். 1999 நவம்பரில் மடுக் கோயிலில் தஞ்சமடைந்திருந்தோர் மீது எறிகணை விழுந்து ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். 2008இல் மாதாவின் சுரூபமே மீண்டும் அகதியாகித் தேவன்பிட்டிக்குப் போயிற்று.

பழைய ஏற்பாட்டின் தலைமைக் குரு மகா பரிசுத்த ஸ்தலத்துள் செல்லும் உரிமையோடு ஒரு சுமையையும் பெற்றிருந்தான். அவன் அணியும் மார்புப் பதக்கத்தில் பன்னிரண்டு கற்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கோத்திரத்தின் பெயர். பெயர்களை நெஞ்சில் சுமந்தே அவன் இறைவன் முன் நிற்கவேண்டும். 2011 சனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை, கற்றுக்கொண்ட பாடங்களுக்கான ஆணைக்குழுவின் முன் சென்று அரசாங்கத்தின் சொந்தக் கணக்குகளையே எடுத்துக்காட்டி, வன்னியில் 1,46,679 பேருக்கு என்ன நேர்ந்ததென்று வினவினார். அவர் 2021 ஏப்பிரல் 1இல் மறைந்தார். அது பெரிய வியாழன்.