என் ஓட்டும் மூணாம் பத்தியும்

தேர்தல் வந்தா வேங்கிக்காலில் எங்களிடம் ரெண்டு தடவை வருவார்கள். காலையில் மாதா கோயில் வாசலில் "சிறுபான்மை மக்களே". சாயங்காலம் அதே ஆட்கள் காலனிக்குள் வந்து "தாழ்த்தப்பட்ட சொந்தங்களே". சாதிச் சான்றிதழிலோ நான் பிற்படுத்தப்பட்டவன்!

1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூணாம் பத்தி, இந்து அல்லாதவரைப் பட்டியலுக்கு வெளியே தள்ளியது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பவுத்தரையும் சேர்த்தார்கள். எங்களை விட்டுவிட்டார்கள். செங்கம் தனித்தொகுதி. என் பங்காளி அங்கே வேட்பாளராக நிற்கலாம். ஞானஸ்நானம் வாங்கிய நான் நிற்க முடியாது. அடிக்க வருகிறவன் மட்டும் மதம் கேட்பதில்லை.

எந்தக் கட்சிக்கும் நான் கொடி பிடித்ததில்லை. "மதவாதத்துக்கு எதிரா போடுங்க" என்கிறார் பூசையில் சாமியார். சரிதான். 2002இல் வந்த மதமாற்றத் தடைச் சட்டத்தை மறக்க முடியுமா? ஆனா அது மட்டும் போதுமா சாமி? கல்லறையில் சுவர் வைத்துப் பிரித்தது நம்ம திருச்சபைக்குள்ளேதானே!

2023 ஏப்ரலில் சட்டமன்றம் எங்களுக்காகத் தீர்மானம் போட்டது. பத்தியை எடுக்க வேண்டியது டெல்லி. அதனால் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம், "மூணாம் பத்திய எடுக்கச் சொல்லி பார்லிமெண்டுல எழுந்து நிப்பீங்களா?" என்று கேட்கிறேன். கும்பிட்ட கையோடு நழுவுகிறார்கள். ஒருத்தர் மட்டும், "அது என்னாங்க மூணாம் பத்தி?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். அவர் கட்சி எனக்குப் பிடிக்காது. அவருக்குத்தான் போடுவதாக இருக்கிறேன். வீட்டில் ஒரே சண்டை.