தங்கச்சிமடத்தில் இரண்டு நாள்

பழைய நண்பர்களுக்குக் கொடுத்த வாக்கு, வட்டி கேட்காத கடன் போன்றது. கேட்பார் இல்லை என்பதனாலேயே அது தீர்க்கப்படாமல் கிடக்கும்.

நாங்கள் இருவரும் பாம்பன் பகுதியில் ஆசிரியப் பணி ஆற்றிய நாள்களில், தங்கச்சிமடத்தில் எங்களுக்கு அடுத்த வீட்டாராக இருந்தவர்கள் ஒரு மீனவக் குடும்பத்தினர். மாற்றலாகி மதுரைக்குப் புறப்பட்ட அன்று, ஆண்டுக்கு ஒரு முறையேனும் வருவோம் என்று அவர்களிடம் சொன்னோம். முதல் சில ஆண்டுகள் சென்றோம். பிறகு பிள்ளைகளின் படிப்பு, திருமணம், மருத்துவமனை என்று பதினோர் ஆண்டுகள் ஓடிவிட்டன. பணி ஓய்வுக்குப் பின் நேரமில்லை என்னும் சாக்கும் இல்லாது போயிற்று. ஆகவே, சென்ற ஆவணியில் ஒரு சனிக்கிழமை அதிகாலை, மதுரையிலிருந்து இராமேசுவரம் செல்லும் பயணிகள் இரயிலில் ஏறினோம். அந்த வீட்டுத் திண்ணையில் இரண்டு நாள் கால் நீட்டி அமர்ந்து இளைப்பாறி வரவேண்டும் என்பதற்கு மேல் வேறு திட்டம் இருக்கவில்லை.

இராமநாதபுரத்தைக் கடந்து உச்சிப்புளியை அணுகும்போதே காற்றில் உப்பு கலந்துவிடுகிறது. மண்டபத்துக்குச் சற்று முன்னதாக, கடலோரத்தில் வேதாளை என்னும் சிற்றூர் உள்ளது. முத்துக்குளித்துறைக் கிறித்தவர்களின் பொறுப்பைப் புனித சவேரியார் யாரிடம் ஒப்படைத்துச் சென்றாரோ, அந்த இத்தாலியக் குருவான அந்தோணி கிரிமினாலி அடிகளார் 1549-ஆம் ஆண்டு இவ்வூரில்தான் உயிர் நீத்தார். வடுகர் படை திரண்டு வந்தபோது, பெண்களையும் குழந்தைகளையும் தோணிகளில் ஏற்றி அனுப்பிவிட்டு, தாம் ஏறாமல் கரையிலேயே நின்றார், ஈட்டிக்கு இரையானார். இயேசு சபையின் முதல் மறைசாட்சி இவரே. ஓரியூரில் 1693-ஆம் ஆண்டு தலை கொடுத்த புனித அருளானந்தரை நம் இல்லங்களில் அறியாத குழந்தை இல்லை. அவருக்கு 144 ஆண்டுகள் முன்னரே இச்சீமையில் குருதி சிந்தியவரை அறிந்தவர்களோ மிகச் சிலர். இரயில் சன்னலோரம் அமர்ந்து அந்தக் கடற்கரை இருக்கும் திசையை நோக்கிச் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டோம். எதிரில் இருந்த வடநாட்டு யாத்திரிகர் ஒருவரும் எங்களைப் பார்த்துத் தாமும் கைகூப்பினார்.

அடுத்தது பாம்பன் பாலம். 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு இரயில் போக்குவரத்து நின்றுபோயிற்று. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டது. கப்பல்களுக்கு வழி விடுவதற்காகப் பழைய பாலத்தின் நடுப்பகுதி இரு கைகளைப்போல் விரிந்து எழும், புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி முழுவதும் நேர் மேலே உயர்கிறது. வசதிதான். ஆயினும் கதவருகே நின்று கால்களுக்குக் கீழே கடலைக் கண்டு நடுங்கிய அந்த நாளின் சுவை எங்களுக்கு இப்போது வாய்க்கவில்லை. வயதாகிவிட்டதும் காரணமாக இருக்கலாம்.

பாம்பன் நிலையத்தில் நண்பர் காத்திருந்தார். எழுபதை எட்டிக்கொண்டிருக்கும் வயது. தோள் மட்டும் இன்னும் துடுப்புப் பிடித்தவரின் தோள். “வாங்க சார், வாங்க டீச்சர்” என்று பையை வாங்கிக்கொண்டார். வீட்டு வாசலில் மதினி, “எங்க ஊரு மறந்துபோச்சுன்னுல்ல நெனச்சேன்” என்று எங்களுள் ஒருவரின் கையைப் பற்றிக்கொண்டு அழுதுவிட்டார்கள். பதினோர் ஆண்டுகளுக்கான கண்டனம் அவ்வளவே. பிறகு விளைமீன் குழம்பும் கணவாய்ப் பொரியலும் வந்தன.

மகனைக் கேட்டோம். காலையிலேயே விசைப்படகில் கடலுக்குப் போய்விட்டான் என்றார்கள். இத்தீவின் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாள்களே கடலுக்குச் செல்லும். மற்ற நாள்கள் நாட்டுப்படகுக்காரர்களுக்கு உரியவை. சனிக்கிழமை டோக்கன் வாங்கிப் புறப்படும் படகு ஞாயிறு விடியலில் திரும்பும். “பூசைக்கு வந்துருவான்” என்றார் நண்பர். மதினி ஒன்றும் சொல்லவில்லை.

மாலையில் தனுஷ்கோடி வரை போய்வரலாமா என்று நாங்கள்தாம் கேட்டோம். கேட்டபின் வருந்தினோம். நண்பர் பிறந்தது அவ்வூரில். அண்டை வீட்டில் நாங்கள் வாழ்ந்த ஆண்டுகளில் ஒரு முறைகூட அவர் எங்களுடன் அங்கு வந்ததில்லை. அன்று, சட்டையை மாட்டிக்கொண்டு, “நானும் வர்றேன் சார்” என்றார்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் புயலும் கடலும் சேர்ந்து அந்நகரை அழித்தன. இரயில் நிலையம், அஞ்சலகம், சுங்கச் சாவடி, ஆலயம், கோவில் எல்லாம் இருந்த ஊர் அது. இலங்கைக்குக் கப்பலேறுவோர் வந்து இறங்கிய ஊர். பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த 653-ஆம் எண் பயணிகள் இரயிலை, நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு கடல் விழுங்கிற்று. அதன்பின் அவ்விடம் மக்கள் குடியிருக்கத் தகாதது என்று அரசு அறிவித்தது. இன்று அரிச்சல்முனை வரை நல்ல சாலை இருக்கிறது, 2017-இல் திறந்தார்கள். சாலையோரம் சங்கும் சோழியும் விற்கும் கடைகளுக்குக் குறைவில்லை.

பவளப்பாறைக் கற்களால் கட்டப்பட்ட ஆலயத்தின் சுவர்கள் கூரையின்றி நிற்கின்றன. பீடம் இருந்த இடத்தில் இளைஞர் சிலர் ஒருவர் தோள்மீது ஒருவர் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தனர். நண்பர் வாயில் இருந்த இடத்திற்கு வந்ததும் செருப்பைக் கழற்றினார். நாங்களும் கழற்றினோம். சுடுமணலில் சிறிது நேரம் அமைதியாக நின்றோம். “இங்கதான் சார் எனக்கு ஞானஸ்நானம் குடுத்தாங்க” என்றார். கிறிஸ்துமசுக்காக அவருடைய தாயார் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு முன்னதாகவே தங்கச்சிமடத்துக்குப் பிறந்தகம் வந்துவிட்டாராம். தகப்பனார் மட்டும், வலையைப் பத்திரப்படுத்திவிட்டு மறுநாள் வருவதாகச் சொல்லி அங்கேயே தங்கிவிட்டார். உடல் கிடைக்கவில்லை. நண்பருக்கு அப்போது எட்டு வயது. இத்தனையையும் அவர் ஐந்தாறு வாக்கியங்களில் சொல்லி முடித்தார். அந்த இளைஞர்கள் எங்கள் வெறுங்கால்களைப் பார்த்தார்கள். பிறகு தாங்களாகவே வெளியே சென்றார்கள்.

திரும்பும் வழியில் பேய்க்கரும்பில், முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்களின் நினைவிடத்தில் சிறிது நின்றோம். இத்தீவின் இமாமாக விளங்கிய தம் தந்தையும், கோவில் குருக்களான பட்சி லட்சுமண சாஸ்திரிகளும், கத்தோலிக்கக் குருவான போடல் அடிகளாரும் கூடி அமர்ந்து ஊர்ப் பிரச்சினைகளைப் பேசித் தீர்ப்பார்கள் என்று அவர் நினைவுகூர்ந்ததுண்டு. சந்தியாகப்பர் திருவிழாவுக்கு இன்றும் மூன்று சமயத்தாரும் வருகின்ற ஊரில் வாழ்ந்த எங்களுக்கு அது வியப்பாகத் தோன்றவில்லை.

இரவு செபமாலை முடிந்ததும் வாசல் விளக்கு அணைக்கப்படவில்லை. அதன் காரணம் எங்களுக்கு உடனே விளங்கவில்லை. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவைப் பற்றி நண்பர் பேசிக்கொண்டிருந்தார். 1974-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் அத்தீவு இலங்கைக்கு உரியதாயிற்று; ஆயினும் ஆண்டுதோறும் திருவிழாவுக்கு இங்கிருந்து படகுகள் செல்லும். 2024-இல், மீனவர் கைதுகளைக் கண்டித்து இவ்வூரார் போகாமல் இருந்துவிட்டனர். “அந்தோணியார பாக்காம அந்த வருசம் என்னமோ மாதிரி இருந்துச்சு சார்” என்றார். கடலில் எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரிவதில்லை. மீன் கூட்டத்திற்கும் அது தெரியாது. கோட்டைத் தாண்டியதாகப் பிடிபட்டுச் சிறையிலிருந்தவர்கள் அந்தத் தெருவிலேயே உண்டு. படகை இழந்து இன்னும் கடனடைப்பவர்களும் உண்டு.

நள்ளிரவில் விழித்தபோது மதினி வாசற்படியில் அமர்ந்திருக்கக் கண்டோம். “தூங்கலையா?” என்றதற்கு, “கச்சான் கொஞ்சம் கூடுதலா இருக்குல்ல டீச்சர்” என்றார்கள். வேறொன்றும் இல்லை. வாரத்தில் மூன்று இரவுகள் இவ்வாறே கழிகின்றன என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அந்நாளில் அடுத்த சுவருக்கு அப்பால் பல்லாண்டு உறங்கியவர்கள் நாங்கள்! எங்களில் ஒருவர் போய் அவர்கள் அருகில் அமர்ந்தார். மற்றவர் திண்ணையில் நண்பரின் கயிற்றுக் கட்டில் அருகே. பேச்சு அதிகம் இல்லை. வலை விலை, டீசல் விலை, எங்கள் பேத்தியின் படிப்பு. நண்பர் கண்மூடிக் கிடந்தாரேயன்றி உறங்கவில்லை.

ஐந்து மணிக்குச் சற்று முன்னதாகக் கைப்பேசி மணி அடித்தது. மதினி எடுக்கவில்லை, நண்பர்தான் எடுத்தார். “சரி… சரி… பூசைக்கு வந்துரு” என்று வைத்துவிட்டார். மதினி எழுந்து வாசல் விளக்கை அணைத்துவிட்டு, தேநீருக்கு அடுப்புப் பற்ற வைத்தார்கள்.

வேர்க்காடு சந்தியாகப்பர் ஆலயத்தில் திருப்பலி. மறையுரை நடக்கும்போது மகன் வந்து பின்புறம் தூணோரம் நின்றான். தலை ஈரம் உலரவில்லை. எங்களைக் கண்டதும் புன்னகைத்தான். மதினி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முதுகை நிமிர்த்தி அமர்ந்ததைக் கவனித்தோம். மீன் அதிகமில்லையாம். இறால் கொஞ்சம், மற்றது காரல். டீசலுக்குச் சரியாகப் போய்விட்டது என்றான்.

காலை உணவுக்குப் பின் மகன் உறங்கினான். நாங்கள் இரவில் இழந்த உறக்கத்தை வேப்பமர நிழலில் மீட்டுக்கொண்டோம். நண்பர் வலை பின்னியபடியே உள்ளூர்க் கதைகள் சொன்னார். எவரெவர் மகள் எங்கெங்கே செவிலியர் என்பது முதலாகப் பதினோர் ஆண்டுச் செய்திகளும் வந்து சேர்ந்தன. நாங்கள் நாடி வந்த ஓய்வு அந்த நான்கு மணி நேரத்தில் முழுமையாகக் கிட்டியது.

மாலை இரயிலுக்குப் புறப்பட்டபோது மதினி கூடத்துப் பாயில் அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தார்கள். நண்பர் எழுப்பப் போனார். வேண்டாம் என்று தடுத்தோம். எங்கள் பையில் செய்தித்தாளில் சுற்றிய நெத்திலிக் கருவாடு ஏற்கெனவே வைக்கப்பட்டிருந்தது. பாம்பன் நிலையத்தில், அடுத்த ஜூலையில் சந்தியாகப்பர் திருவிழாவுக்கு வந்துவிடுவோம் என்று நண்பரிடம் சொன்னோம். அவர் சிரித்துக்கொண்டே, “தேதிய மதினிகிட்ட நீங்களே சொல்லிருங்க சார்” என்றார். வீடு வந்து சேர்ந்ததும் முதல் வேலையாகத் தொலைபேசியில் சொன்னோம்.